மாவு மில் ஓடையும் மலைக் குடியிருப்புகளும்: லுன்ஜரூ சுற்றுநடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இத்தாலியின் டோலமைட் மலைகளில் லுன்ஜரூ என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து கிளம்பி, சரிவில் இருக்கும் பழைய குடியிருப்புகள் இரண்டையும் ஓர் ஓடையோரம் வரிசையாக நிற்கும் தண்ணீர் மில்களையும் பார்த்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் நடை இது. ஜூன் கடைசியில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை என இரண்டு தடவை நடந்திருக்கிறேன். அதன் பிறகு நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லுன்ஜரூ சரியாக எங்கே இருக்கிறது?

இத்தாலியின் வடகோடியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, தென் டிரோல் என்ற தன்னாட்சி மாகாணம் இருக்கிறது. அதில் ஒரு பள்ளத்தாக்கு வால் பாதியா. அந்தப் பெரிய பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே கிளை பிரியும் சிறிய பள்ளத்தாக்கில் லுன்ஜரூ இருக்கிறது. சான் மார்ட்டின் தெ தோர் ஊராட்சியைச் சேர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர். சாலை கிட்டத்தட்ட இந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே புல்வெளி, காடு, பாறை.

இதே வால் பாதியாவின் மேல்பகுதிக்குப் போனால் பெரிய ஸ்கீ (பனிச்சறுக்கு) ஊர்கள், ஓட்டல்கள், கேபிள் கார்கள் எல்லாம் உண்டு. லுன்ஜரூவில் அதெல்லாம் கிடையாது. ஆல்ப்ஸில் பெரிய ஸ்கீ கட்டுமானங்களை நாடாமல் நடைப்பயணத்தையும் விவசாயத்தையும் நம்பி வாழும் ஊர்களை மலையேறுவோர் சங்கங்கள் ஒரு பட்டியலில் சேர்த்து வருகின்றன. ‘பெர்க்ஸ்டைகர்டோர்ஃபர்’, அதாவது மலையேறுவோர் கிராமங்கள் என்று அதற்குப் பெயர். 2018 முதல் லுன்ஜரூவும் அதில் இருக்கிறது.

நடை எவ்வளவு தூரம்? கஷ்டமா?

எந்தக் கிளைப்பாதையில் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து 6 முதல் 8 கிலோமீட்டர் வரும். ஏற்றம் மொத்தம் 250 முதல் 350 மீட்டர் இருக்கும். நிற்காமல் நடந்தால் இரண்டரை மணி நேரம். ஆனால் இந்த நடையை நிற்காமல் நடப்பதில் அர்த்தமே இல்லை, அரை நாள் ஒதுக்குங்கள்.

நடுத்தரம் என்றுதான் சொல்வேன். கயிறு பிடித்து ஏறும் இடமோ, ஓரத்தில் அதலபாதாளமோ இல்லை. பாதை சில இடங்களில் குறுகலாகவும் வேர்களும் கல்லுமாகவும் இருக்கும், சில இடங்களில் டிராக்டர் போகும் சாலையாகவே விரியும். தினமும் கொஞ்ச தூரமாவது நடக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மூச்சு வாங்கும், அவ்வளவுதான். மாடி ஏறினாலே முழங்கால் வலிப்பவர்கள் இறக்கத்தை நினைத்து யோசிக்க வேண்டும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். இரண்டு நடைக்கோல்கள் இருந்தால் பாதி பாரம் குறையும்.

வழி தவறிப்போகுமா?

சந்திப்பு ஒவ்வொன்றிலும் மரப்பலகை உண்டு. மரங்களிலும் பாறைகளிலும் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று கோடு போட்டு நடுவில் பாதை எண் எழுதியிருப்பார்கள். பலகையில் சேரெஸ், மிஷீ என்ற இரண்டு பெயர்களைப் பிடித்துக்கொண்டால் போதும். சுற்றில் வரும் குடியிருப்புகள் அவைதான். எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் சரி, ஏற்றத்தை மட்டும் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடப் பாருங்கள்.

‘வீலெ’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

இந்த நடையின் உயிரே அதுதான். வீலெ என்பது சில பண்ணை வீடுகள் நெருங்கி உட்கார்ந்த குடியிருப்பு. ஊர் என்று சொல்ல முடியாத அளவு சிறியது. கடை, தேவாலயம் எல்லாம் கீழே ஊரில் இருக்கும். மேலே சரிவில் வீடுகளும் தொழுவங்களும் மட்டும்.

ஆல்ப்ஸில் ஜெர்மன் பேசும் பகுதிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு பண்ணையும் தன் நிலத்துக்கு நடுவே தனியாக நிற்கும். ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. லாடின் மொழி பேசும் இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி இல்லை. கூரையோடு கூரை உரசுகிற நெருக்கத்தில் வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் ஒரு பொது முற்றம், மாடும் மனிதரும் தண்ணீர் குடிக்க ஒரு மரத்தொட்டி, முறை வைத்து ரொட்டி சுட ஒரு பொது அடுப்பு. நிலம் தனித்தனி, ஆனால் தண்ணீரும் நெருப்பும் பொது.

வீடுகளை ஏன் இப்படி நெருக்கினார்கள் என்பதற்குக் காரணம் காலடியிலேயே இருக்கிறது. சரிவில் உழ முடிகிற மண் கொஞ்சம்தான். அதில் ஒரு சாண் கூட வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று, பாறையான, விளைச்சல் குறைந்த திட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். நல்ல மண் முழுவதும் பயிருக்கு. சேரெஸுக்கு எதிர்ச்சரிவில் நின்று பார்த்தால் இது படம் வரைந்த மாதிரி தெரியும்: நடுவில் ஒரு கொத்து வீடுகள், அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகப் பச்சை.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு கட்டடங்கள். ஒன்று மனிதருக்கு, லாடினில் ‘ச்யாசா’. இன்னொன்று மாட்டுக்கும் வைக்கோலுக்கும், ‘மஜூன்’. இரண்டிலும் அடித்தளம் கல், மேலே மரம். மஜூனின் வெளிப்பக்கம் வரிசையாக மரக்கழிகள் கட்டிய மாடம் இருக்கும். கோடை குறுகியது, கதிர் வயலில் முழுதாகக் காய்வதற்குள் மழை வந்துவிடும். அதனால் அறுத்த கதிரை அந்தக் கழிகளில் தொங்கவிட்டுக் காயவைத்தார்கள். வீட்டுக்குள் ‘ஸ்தூவா’ என்ற அறை, சுவரெல்லாம் பலகை அடித்து ஒரு பெரிய அடுப்போடு இருக்கும். பனிக்காலத்தில் சூடாக இருப்பது அந்த ஓர் அறைதான், குடும்பம் முழுவதும் அங்கேதான்.

அவசரமாகப் போனால் இதெல்லாம் ‘அழகான பழைய வீடுகள்’ என்று படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடுவோம். முற்றத்தில் ஐந்து நிமிடம் நின்று, எந்தக் கட்டடம் எதற்கு என்று கண்ணால் பிரித்துப் பாருங்கள்.

மில்கள் இப்போதும் ஓடுகின்றனவா? எத்தனை இருக்கின்றன?

எட்டு. சேரெஸ், மிஷீ இரண்டுக்கும் அருகே ஓடும் ஓடையோரம், ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன. லாடினில் இந்த இடத்துக்கு ‘மில்களின் பள்ளத்தாக்கு’ என்றே பெயர். பழுது பார்த்துப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அன்றாடம் மாவு அரைப்பதற்கு இன்று அவை தேவையில்லை.

பெரிய கட்டடங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன மரக்குடில், பக்கத்தில் ஆளுயரச் சக்கரம். ஓடையின் மேற்புறத்திலிருந்து மரத்தைக் குடைந்து செய்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து சக்கரத்தின் மேல் விழும். அந்தப் பாரத்தில் சக்கரம் சுற்றும், அதன் அச்சு குடிலுக்குள் போய்க் கல்லைச் சுற்றும். கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். நம் பாட்டி வீட்டுத் திரிகைக்கும் அதே கணக்குதான். கைக்குப் பதில் ஓடை.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தண்ணீரின் சிக்கனம். ஓடை சிறியது, பெரிய மில் ஒன்றை ஓட்டும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. ஆனால் சரிவு நல்ல சரிவு. அதனால் முதல் சக்கரத்தைச் சுற்றிவிட்டு விழும் அதே தண்ணீரைப் பிடித்து அடுத்த சக்கரத்துக்கு விட்டார்கள், அதற்கு அப்புறம் அடுத்தது. ஒரே தண்ணீர், எட்டுச் சக்கரம். கடுங்குளிரில் ஓடை உறைந்துவிட்டால் சக்கரம் நின்றுவிடும், ஆகவே அதற்கு முன்பே மாவை அரைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்லி, கம்பரிசி, ஓட்ஸ், கோதுமை எல்லாம் இந்தச் சரிவுகளில் ஒரு காலத்தில் விளைந்தன. கம்பரிசி என்று நான் சொல்வது ‘ரை’ என்ற குளிர்நாட்டுத் தானியத்தை. நம் கம்பு வேறு. சாலை வந்து, கடை மாவு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தானிய வயல்கள் ஒவ்வொன்றாகப் புல்வெளியாக மாறின. இன்று கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகத் தெரிகிறதே, அதில் பெரும்பங்கு முன்னாள் வயல். மில்களைப் பார்க்கும்போது அந்தச் சரிவுகளையும் திரும்பிப் பாருங்கள், இரண்டும் ஒரே கதை.

ஊர்ப் பலகையில் ஏன் ஒரே ஊருக்கு மூன்று பெயர்?

இங்கே மூன்று மொழிகள் சட்டப்படி புழக்கத்தில் இருக்கின்றன. லாடினில் லுன்ஜரூ, இத்தாலியனில் லொன்ஜரூ, ஜெர்மனில் காம்பில். பஸ் அட்டவணையில் ஒரு பெயர், வரைபடத்தில் இன்னொரு பெயர் என்று வரும்போது குழம்பிவிடாதீர்கள்.

இந்தப் பகுதி நெடுங்காலம் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. முதல் உலகப்போர் முடிந்து 1919இல் போடப்பட்ட சான் ஜெர்மான் ஒப்பந்தத்தால் இத்தாலிக்கு வந்தது. அப்புறம் பாசிச ஆட்சி ஊர்ப் பெயர்களை எல்லாம் இத்தாலிய மயமாக்கியது. 1939இல் ஹிட்லரும் முசோலினியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இங்குள்ளவர்கள் ஊரை விட்டு ஜெர்மன் ஆட்சிப் பகுதிக்குப் போவதா, தங்கள் மொழிக்கும் பண்பாட்டுக்கும் எந்த உத்தரவாதமும் இல்லாமல் இத்தாலியிலேயே இருப்பதா என்று குடும்பம் குடும்பமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஜெர்மன் பேசுபவர்களை மட்டுமல்ல, இந்த லாடின் பள்ளத்தாக்கையும் அந்தக் கேள்வி விடவில்லை. போருக்குப் பின் தன்னாட்சி வந்தது. 1972இன் இரண்டாம் தன்னாட்சிச் சட்டம் அதை வலுவாக்கியது. பலகையில் மூன்று பெயரும் சேர்ந்து நிற்பதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

லாடின் என்பது லத்தீனா?

இல்லை, ஆனால் லத்தீனின் பேத்தி. கி.மு. 15இல் ரோமானியப் படை ஆல்ப்ஸைக் கைப்பற்றியது. பேச்சு லத்தீன் இங்கே வந்து, முன்பிருந்தவர்களின் பேச்சோடு கலந்து, மலைகளுக்குள் அடைபட்டுத் தனி மொழியாக வளர்ந்தது. சுவிட்சர்லாந்தின் ரோமான்ஷ் மொழியும் வடகிழக்கு இத்தாலியின் ஃபிரியூலி மொழியும் இதன் உறவுகள். டோலமைட்டின் ஐந்து பள்ளத்தாக்குகளில் எல்லாமாகச் சேர்த்து சுமார் 30,000 பேர் பேசுகிறார்கள். ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு வழக்கு.

இத்தனை சிறிய மொழி எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது என்னை விடாமல் துரத்திய கேள்வி. பள்ளி ஒரு முக்கியக் காரணம். இந்தப் பள்ளத்தாக்கின் பள்ளிகளில் பாடங்கள் பாதி இத்தாலியனிலும் பாதி ஜெர்மனிலும் நடக்கும், லாடின் தனிப் பாடமாக வாரத்தில் சில மணி நேரம் உண்டு. பத்து வயதுப் பிள்ளை மூன்று மொழியில் சாதாரணமாகப் பேசுவதைக் கேட்கலாம். இன்னொரு காரணம் சான் மார்ட்டினில் இருக்கும் மிக்குரா தெ ரூ லாடின் நிறுவனம். மிக்குரா தெ ரூ (1789–1847) என்பவர் பாதிரியார். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும் இந்த மொழிக்குப் பொதுவான எழுத்து வடிவம் ஒன்றை 1833இலேயே உருவாக்கப் பார்த்தவர். அவர் பெயரைத்தான் நிறுவனத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

எதிரே வருபவரிடம் ‘புன் தே’ என்று சொல்லுங்கள், வணக்கம் என்று பொருள். நன்றிக்கு ‘ஜுலான்’. இந்த இரண்டு சொல் போதும், முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். இத்தாலியனிலோ ஜெர்மனிலோ ஆங்கிலத்திலோ மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

வீடுகளுக்குள் போய்ப் பார்க்கலாமா? படம் எடுக்கலாமா?

பாதை வீடுகளுக்கு நடுவே, சில இடங்களில் முற்றத்தின் வழியாகவே போகிறது. அதனால் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்த உணர்வு வந்துவிடுகிறது, தவறு அங்கேதான் தொடங்குகிறது. இவை ஆள் குடியிருக்கும் வீடுகள். துணி காயும், குழந்தை விளையாடும், யாராவது விறகு பிளப்பார்கள். கதவு திறந்திருப்பது வரச்சொல்லி அல்ல.

வீட்டின் வெளித்தோற்றத்தைப் படம் எடுப்பதில் யாரும் குறை சொல்வதில்லை. ஆட்களை எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். சன்னலுக்குள் எட்டிப் பார்த்து எடுக்காதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். பக்கத்திலேயே புவெஸ்–ஓட்லே இயற்கைப் பூங்கா இருக்கிறது, மாடுகளும் மிரளும்.

புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாமா?

வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் இதைச் செய்துவிட்டு வருந்தியவன்.

முதல் தடவை போனது ஜூன் கடைசி. இடுப்பளவு புல், நடுவில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள். பாதையிலிருந்து பத்தடி உள்ளே போய், புல்லை அழுத்தி இடம் செய்து, பையை வைத்துச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு மாடத்திலிருந்து ஒரு மூதாட்டி பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை, திட்டவில்லை. மெதுவாக இறங்கி வந்தார். நான் எழுந்ததும், குனிந்து நான் உட்கார்ந்த இடத்தில் படிந்து கிடந்த புல்லைக் கையால் தூக்கித் தூக்கி நிறுத்தப் பார்த்தார். அது நிற்கவில்லை. தொழுவத்தைக் காட்டி ஜெர்மனில் ஒரே வாக்கியம் சொன்னார்: பசுவுக்கு இது குளிர்காலச் சாப்பாடு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உட்கார்ந்தது பூங்கா அல்ல, பயிர். நம்மூரில் கதிர் முற்றிய நெல்வயலுக்குள் ஒருவர் போய்ப் பாய் விரித்தால் எப்படி இருக்கும்? அதேதான் இது. வருடத்தில் ஏறத்தாழ பாதி மாதங்கள் மாடு தொழுவத்துக்குள்ளேயே நிற்கும். அத்தனை நாளுக்கும் தீவனம் இந்தக் கோடைப் புல்தான். படுத்துப்போன புல்லை அறுக்கும் இயந்திரம் பிடிக்காது, சரிவு அதிகமான இடங்களில் இன்னும் அரிவாள்தான், அதற்கும் படுத்த புல் சிக்காது. நாயைக் கூட்டி வருபவர்கள் அதன் கழிவைக் கட்டாயம் எடுத்துப்போக வேண்டும். அது காயவைத்த புல்லில் கலந்தால் மாடுகளுக்கு நோய் வரும்.

  

சரி, எங்கே உட்காருவது? பாதையோரம் மரப்பெஞ்சுகள் உண்டு, மில்களின் பக்கம் ஓடையோரப் பாறைகள் உண்டு. புல் அறுத்து முடித்த வெளியிலும், அங்கே வேலை எதுவும் நடக்கவில்லை என்றால், ஓரமாக உட்காரலாம்.

வழியில் மாடுகள் வந்தால்?

தூரமாகச் சுற்றிப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுவின் அருகே போகாதீர்கள், கன்றைத் தொடாதீர்கள். உங்களோடு நாய் இருந்து பசு துரத்த வந்தால், நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் தப்பிவிடும், பசுவின் கோபமும் அதன் மேல்தான். வேலிக்கதவைத் திறந்து போனால் திரும்ப மூடிவிடுங்கள். மூடியிருந்ததை மூட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

எந்த மாதம் நல்லது?

பூ வேண்டுமென்றால் ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை. அதற்கப்புறம் அறுப்பு தொடங்கிவிடும். காற்றெல்லாம் காய்ந்த புல் வாசம், வீலெக்களில் எல்லோரும் வேலையில் இருப்பார்கள், அதுவும் பார்க்க வேண்டிய காட்சிதான். ஆகஸ்ட் நடுப்பகுதி இத்தாலிய விடுமுறை, கூட்டமும் விலையும் உச்சம். செப்டம்பரில் வானம் தெளிவாக இருக்கும்.

என்னைக் கேட்டால் அக்டோபரின் இரண்டாம் பாதி. இங்கே லார்ச் என்ற ஊசியிலை மரம் நிறைய. இங்குள்ள ஊசியிலை மரங்களில் இது மட்டும் குளிருக்கு முன் பொன்னிறமாகி இலை உதிர்க்கும். கூரை ஓடுகளாக வேயப்பட்ட பலகைகளும் பல இடங்களில் லார்ச்தான். ஆனால் அந்தச் சமயம் சாப்பாட்டுக்கடைகள் பல மூடியிருக்கும், பஸ்ஸும் குறையும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பனியும் வழுக்கலும். அப்போது இந்த நடையை அனுபவம் இல்லாமல் முயற்சி செய்ய வேண்டாம்.

மழை, இடி?

ஜூலை, ஆகஸ்டில் காலை பளிச்சென்று இருந்துவிட்டு மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டுவது வழக்கம். எட்டு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் கீழே வந்துவிடுங்கள். மாகாண வானிலை அலுவலகத்தின் முன்னறிவிப்பை முந்தைய நாள் மாலையும் காலையும் பாருங்கள். இடி கேட்டால் தனி மரத்தடியில் நிற்காதீர்கள். இந்த நடையில் குடியிருப்புகள் கூப்பிடு தூரத்தில் இருப்பது ஒரு நிம்மதி.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

அடிப்பக்கம் பிடிமானம் உள்ள ஷூ, மழைக்கோட்டு, ஒரு மெல்லிய ஸ்வெட்டர், தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலையோ பேரீச்சையோ. வெறும் செருப்போடு வந்தவர்களையும் பார்த்தேன், ஈரப் பாறையில் அவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தேன். மலையில் வெயில் தோலை வேகமாகச் சுடும், குளிர்ந்த காற்றில் அது தெரியாது.

உயரம் ஒத்துக்கொள்ளுமா?

நடையின் மிக உயர்ந்த இடமே சுமார் 1,600 மீட்டரை ஒட்டித்தான். ஊட்டியும் கொடைக்கானலும் இதைவிட உயரம். ஆகவே மூச்சுக் கோளாறு, தலைசுற்றல் என்று பயப்பட வேண்டியதில்லை.

குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகலாமா?

ஆறேழு வயதுப் பிள்ளைகள் தாராளமாக நடப்பார்கள். சக்கரங்களைப் பார்த்துவிட்டால் அவர்களை அங்கிருந்து கிளப்புவதுதான் சிரமம். வாய்க்கால் ஓரம் வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டி முழுச் சுற்றுக்கும் சரிப்படாது. கைக்குழந்தையை முதுகுப்பையில் சுமப்பதே வழி. நடக்க முடியாத பெரியவர்கள் ஊரிலேயே இருந்து தேவாலயத்தையும் சுற்றுமுற்றும் பார்க்கலாம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு என்ன கிடைக்கும்?

நிறையவே கிடைக்கும், கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். ‘தூத்ரெஸ்’ என்று ஒன்று உண்டு. மெல்லிய மாவு வட்டத்துக்குள் பசலைக்கீரையும் தயிர்க்கட்டி போன்ற பாலாடையும் வைத்து மூடிப் பொரித்தது. முதல் வாயில் கீரை வைத்த பூரி என்றுதான் தோன்றியது. புளித்த முட்டைக்கோஸ் வைத்தும் செய்வார்கள். சூட்டோடு சாப்பிட வேண்டும்.

‘பனீச்சா’ என்ற பார்லி சூப்பில் பெரும்பாலும் உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாகக்கூட. கேட்காமல் வாங்காதீர்கள். ரொட்டி உருண்டைகளும் அப்படியே: பாலாடை உருண்டை, கீரை உருண்டை உண்டு, ஆனால் சாதாரணமாக உருண்டை என்று கேட்டால் இறைச்சியோடு வரலாம். பொரிக்கும் கொழுப்பு எது என்பதில் கவனமாக இருப்பவர்கள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பால், வெண்ணெய் தவிர்ப்பவர்களுக்கு மட்டும் இந்த ஊர் சிரமம். கையில் ஏதாவது எடுத்துப் போங்கள்.

குடியிருப்புத் தொட்டித் தண்ணீரைக் குடிக்கலாமா?

‘குடிநீர் அல்ல’ என்று எழுதியிருந்தால் குடிக்க வேண்டாம். குழாயிலிருந்து விழும் ஊற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடிக்கலாம், தொட்டிக்குள் கை விட்டு அள்ள வேண்டாம், அது மாடுகளின் தண்ணீர். ஓடைத் தண்ணீரையும் குடிக்காதீர்கள், மேலே மந்தை மேயும்.

எப்படிப் போய்ச் சேருவது?

கார் இல்லாமலே போகலாம், அதையே சிபாரிசு செய்கிறேன். வெரோனா, பொல்சானோ வழியாக பிரென்னர் கணவாய் நோக்கிப் போகும் ரயிலில் ஃபோர்தெஸ்ஸா வரை வந்து, அங்கே புஸ்தேரியா பள்ளத்தாக்கு ரயிலுக்கு மாறி ப்ரூனிகோவில் இறங்க வேண்டும். அங்கிருந்து வால் பாதியா பஸ்ஸில் சான் மார்ட்டின், பிறகு லுன்ஜரூ பஸ். ரயில்பாதை வேலைகள் நடக்கும் காலத்தில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், ஆகவே கிளம்பும் முன் மாகாணப் போக்குவரத்துச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென் டிரோலில் தங்கும் விடுதிகள் பலவும் விருந்தினருக்கு ஒரு பயண அட்டை தருகின்றன. மாகாணத்துக்குள் ரயிலும் பஸ்ஸும் அதில் இலவசம். அறை பதிவு செய்யும்போதே அட்டை உண்டா என்று கேளுங்கள். லுன்ஜரூவிலேயே பண்ணை வீடுகளில் தங்கலாம். காலையில் பால் கறக்கும் சத்தத்தில் விழிப்பீர்கள், உங்கள் பணமும் அந்தப் புல்வெளியைக் காப்பவர்களிடமே போய்ச் சேரும்.

அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது?

112. காவல், மருத்துவம், மலை மீட்பு எல்லாவற்றுக்கும் அந்த ஓர் எண்தான். கடைசியாகப் பார்த்த பலகையில் இருந்த பாதை எண்ணைச் சொன்னால் உங்களைக் கண்டுபிடிப்பது எளிது. அதற்காக ஒவ்வொரு பலகையையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். மலை மீட்புச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு இருக்கட்டும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால்?

சான் மார்ட்டினில் இறங்கி லாடின் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சியாஸ்தெல் தெ தோர் என்ற இடைக்காலக் கோட்டைக்குள், 2001 முதல் இயங்குகிறது. மொழி, வீடு கட்டும் முறை, பண்ணைக் கருவிகள் எல்லாவற்றையும் அங்கே பார்க்கலாம். நடைக்கு முன்தினமே போய்விட்டு வந்தால் இன்னும் நல்லது. மில்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் என்னவென்று தெரிந்தபடி நடப்பீர்கள். வலுவுள்ளவர்கள் லுன்ஜரூவிலிருந்து கோமா கணவாய்க்கு ஏறலாம். அது 2,100 மீட்டருக்கு மேல், முழு நாள் வேலை. அங்கே 2,875 மீட்டர் உயர சாஸ் தெ பூத்தியா சிகரம் முகத்துக்கு நேரே நிற்கும். 2009இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த டோலமைட் பகுதிகளில் அதுவும் அடக்கம். திரும்பும் பஸ் நேரத்தை மட்டும் காலையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் அது சீக்கிரமே நின்றுவிடும்.